கதவைச் சாத்திக்கொண்டு சட்டம் எழுதாதீர்கள்: ஃபிசா நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள்,
வாஷிங்டன் டி.சி.

மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம். உங்கள் முன்னால் வந்து நின்று பேச எனக்கு வழியில்லை. அரசு வழக்கறிஞர்களும் உளவுத்துறை அதிகாரிகளும் வந்து போகிற நீதிமன்றம் உங்களுடையது. கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ நீதிமன்றக் கட்டடத்துக்குள், ஒரு சொல்லும் வெளியே போகாதபடி பாதுகாத்த அறையில் அமர்கிறீர்கள். அதனால் சொல்ல வேண்டியதை ஊரறியச் சொல்கிறேன். ஆங்கிலப் படி தபாலில் தனியாக வரும். இங்கே தமிழில் எழுதுவது, என்னைப் போலவே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, வாராவாரம் ஊருக்குப் போன் போடுகிற தமிழர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் உத்தரவுகள் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்து போகின்றன என்பது எங்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

உங்கள் நீதிமன்றம் எதற்காக வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் எங்கள் ஆட்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். 1945இலிருந்து 1975 வரை, முப்பது வருடம், அமெரிக்காவுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையே போய்வந்த தந்திகளை வெஸ்டர்ன் யூனியன், ஆர்சிஏ, ஐடிடி ஆகிய நிறுவனங்கள் அரசிடம் கொடுத்துக்கொண்டே இருந்தன. ஷாம்ராக் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். எந்த நீதிபதியையும் யாரும் கேட்கவில்லை. உச்சத்தில் மாதத்துக்கு 1,50,000 செய்திகள் என்எஸ்ஏ என்ற தேசியப் பாதுகாப்பு முகமையின் அலுவலர்களின் மேசைக்குப் போயின. வியட்நாம் போரை எதிர்த்தவர்களுக்காகத் தனிக் கண்காணிப்புப் பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார். உளவுத்துறையின் அத்துமீறல்களை 1975இல் விசாரித்த செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது என்பது 2013இல் வெளியான ஆவணங்களில் தெரிந்தது. அந்த விசாரணை முடிந்த பிறகுதான் 1978இல் ஃபிசா சட்டமும், கூடவே உங்கள் நீதிமன்றமும் வந்தன. இனிமேல் உளவுக்காக ஒருவரை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் ஒரு நீதிபதியிடம் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு ஆள், ஒரு மனு, ஒரு காரணம்.

அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே இல்லை. ஒரு வெளிநாட்டு உளவாளியின் போனைக் கேட்க மனு போடும்போது அவரையே கூப்பிட்டு வைத்து விசாரிக்க முடியாது. ரகசியம் வேண்டும்தான். குண்டு வைக்கத் திட்டமிடுகிறவர்களைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் 2013 ஏப்ரல் 25ஆம் தேதி உங்கள் நீதிமன்றத்தில் நீதிபதி ரோஜர் வின்சன் கையெழுத்துப் போட்ட உத்தரவில் ஆள் யாருமே இல்லை. நான்கே பக்கம். வெரைசன் நிறுவனத்தின் வணிகப் பிரிவு ஜூலை 19 வரை தினந்தோறும் தன்னிடம் உள்ள எல்லா அழைப்பு விவரங்களையும் என்எஸ்ஏவிடம் ஒப்படைக்க வேண்டும்: யார் யாரை அழைத்தார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்தக் கருவியிலிருந்து. வெளிநாட்டு அழைப்பு மட்டுமல்ல, முழுக்க முழுக்க அமெரிக்காவுக்குள் நடக்கும் அழைப்புகளும், பக்கத்துத் தெருவுக்குப் போடுகிற உள்ளூர் அழைப்பும் அதில் அடக்கம். இப்படி ஒரு உத்தரவு வந்திருக்கிறது என்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்ற கட்டளையும் அதிலேயே இருந்தது. எட்வர்ட் ஸ்னோடன் என்ற ஒப்பந்த ஊழியர் அதை எடுத்துக் கொடுத்து, ஜூன் 5ஆம் தேதி கார்டியன் பத்திரிகை வெளியிட்டிருக்காவிட்டால், இந்த மடலை எழுத எனக்கு விஷயமே தெரிந்திருக்காது.

பேச்சைக் கேட்கவில்லை, வெறும் நம்பரும் நேரமும்தான் என்று அப்போது திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதை ஒரு உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். எடிசனிலோ ஃப்ரீமாண்டிலோ ஒரு பெண். புருஷன் வேலைக்குப் போன பிறகு, காலை பத்து மணிக்குக் குடும்ப வன்முறை உதவி எண்ணுக்கு நாற்பது நிமிடம் பேசுகிறாள். அடுத்து கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு மணி நேரம். அங்கே அப்போது ராத்திரி. மறுநாள் விவாகரத்து வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஆறு நிமிடம். அப்புறம் ஒரு வங்கிக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். அவள் பெற்ற தாய்க்கே இன்னும் சொல்லாத செய்தி அந்த ஐந்து வரியில் இருக்கிறது. இதை ஐந்து வருடம் வைத்திருக்க உங்கள் நீதிமன்றம் அனுமதித்தது. என்எஸ்ஏவுக்கும் சிஐஏவுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு விவாத மேடையில், மெட்டாடேட்டாவை (இந்த நம்பர், நேர விவரங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்) வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கொல்லுமளவுக்கு விவரம் இருக்கும் ஒன்றை வெறும் நம்பர் என்று எங்களிடம் சொல்ல முடியாது.

சந்தேகத்துக்குரிய ஒரு எண் கிடைத்தால் அதோடு தொடர்புள்ள எண்களைப் பார்ப்பார்கள், அவற்றோடு தொடர்புள்ளவை, பிறகு அவற்றோடும் தொடர்புள்ளவை. மூன்று படி. ஒவ்வொருவரும் 75 பேரோடு பேசுகிறவர் என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் படியில் 4,20,000 எண்களுக்கு மேல் வந்துவிடும். ஒரு கோயில் அலுவலக எண்ணோ, ஒரு மளிகைக் கடை எண்ணோ நடுவில் வந்துவிட்டால் எங்கள் சமூகமே அதற்குள் அடங்கிவிடும். 2014 ஜனவரியில் அதிபர் ஒபாமா இதை இரண்டு படியாகக் குறைத்தார். அதற்குமுன் எட்டு வருடம் மூன்று படிதான்.

என்னை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 2001இல் வந்த தேசபக்திச் சட்டத்தின் 215ஆம் பிரிவு, ஒரு விசாரணைக்குத் தொடர்புடைய ஆவணங்களைத்தான் கேட்டு வாங்க அனுமதித்தது. நாட்டில் உள்ள எல்லோருடைய அழைப்புப் பட்டியலும் விசாரணைக்குத் தொடர்புடையதுதான், ஏனென்றால் வேண்டியது அதற்குள் எங்கேயாவது இருக்கும் என்று அரசு வாதிட்டது. 2006 மே மாதம் உங்கள் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. முப்பது கோடி மக்களைத் தொடும் ஒரு சட்ட விளக்கத்துக்கு, ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று அன்றைக்கு ஒரு பக்கத் தீர்ப்புரைகூட எழுதவில்லை. தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போனார்கள். நீதிபதி மாறினார், உத்தரவு மாறவில்லை. இந்தத் திட்டம் ஏன் சட்டப்படி செல்லும் என்று விளக்கும் முதல் தீர்ப்புரையை நீதிபதி கிளேர் ஈகன் எழுதியது 2013 ஆகஸ்ட் 29ஆம் தேதி. ஸ்னோடன் வெளியிட்ட பிறகு, ஏழு வருடம் கழித்து. ஒரு சாதாரண வாடகைத் தகராறில்கூடக் காரணம் எழுதாத தீர்ப்பை மேல்நீதிமன்றம் திருப்பி அனுப்பும்.

ஈகன் அந்தத் தீர்ப்பில், உத்தரவைப் பெற்ற எந்த நிறுவனமும் அதை எதிர்த்து வரவில்லை என்று குறிப்பிட்டிருந்தார். எதிர்த்தால் என்ன நடக்கும் என்பது யாஹூவுக்குத் தெரியும். வாரண்ட் இல்லாமல் பயனர்களின் தகவலைக் கொடுக்கச் சொன்ன வேறொரு உத்தரவை எதிர்த்து அவர்கள் 2007இல் உங்களிடம் வந்தார்கள்; மேல்முறையீட்டிலும் 2008இல் தோற்றார்கள். இணங்காவிட்டால் நாளொன்றுக்கு 2,50,000 டாலர் அபராதம் கேட்போம் என்று அரசு மிரட்டியது. எதிர்த்துப் போராடியது யாஹூதான் என்பதையே அவர்கள் பல வருடம் வெளியில் சொல்ல முடியவில்லை. இப்படியிருக்கும்போது, யாரும் எதிர்க்கவில்லை என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாமா?

உங்களை ரப்பர் ஸ்டாம்ப் என்று திட்டுவது சுலபம். 1979இலிருந்து 2012 வரை 33,900க்கும் மேற்பட்ட மனுக்களுக்கு அனுமதி கொடுத்து, மறுத்தவை 11 மட்டும் என்ற கணக்கை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நான் அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பேச மாட்டேன். 2013 ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்த மனுக்களில் 24.4 சதவீதத்தில் நீதிமன்றம் கேட்டதால் முக்கியமான மாற்றம் செய்தார்கள் என்று அப்போதைய தலைமை நீதிபதி ரெஜி வால்டன் செனட்டுக்கு எழுதினார். நம்புகிறேன். உங்களில் யாரும் சோம்பேறி இல்லை. ஒரு தரப்பை மட்டுமே கேட்கிற எந்த நல்ல நீதிபதிக்கும் நேர்வதுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றாலும் பஞ்சாயத்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்துத்தான் கேட்பார்கள். ஒருவன் வரவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். உங்களோடு அமர்ந்திருந்த நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன், புஷ் நிர்வாகம் உங்களைக்கூடக் கேட்காமல் ஒட்டுக்கேட்டது 2005 டிசம்பரில் அம்பலமானதும் இந்தப் பதவியை விட்டு விலகினார். 2013 ஜூலையில் ஒரு பொது அமர்வில் அவர் வந்து சொன்னதும் இதைத்தான்: நீதிபதிக்கு இரண்டு தரப்பும் கேட்டாக வேண்டும்.

ஒரு தரப்பு மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் சொந்தக் கோப்புகளே சாட்சி. 2009 ஜனவரியில் என்எஸ்ஏ தினமும் ஒப்பிட்டுப் பார்த்த எச்சரிக்கைப் பட்டியலில் 17,835 எண்கள் இருந்தன. ஒரு எண்மீது நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதித்த தகுதி இருந்தது 1,935க்கு மட்டும். எல்லாமே தகுதி உள்ளவை என்று அதுவரை உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த விதி ஒருநாளும் ஒழுங்காக நடைமுறையில் இருந்ததே இல்லை என்னுமளவுக்கு மீறியிருக்கிறார்கள் என்று வால்டன் 2009 மார்ச்சில் எழுதினார். 2011 அக்டோபரில் நீதிபதி ஜான் பேட்ஸ் வேறொரு திட்டத்தைப் பார்த்தார். இணைய முதுகெலும்புக் கம்பிகளிலிருந்து அள்ளும்போது, முழுக்க அமெரிக்கர்களுக்குள் நடந்த பல்லாயிரம் தகவல்தொடர்புகளும் வருடாவருடம் சேர்ந்தே வருகின்றன என்று அரசு அப்போதுதான் ஒப்புக்கொண்டது. மூன்று வருடத்துக்குள் மூன்றாவது முறையாக ஒரு பெரிய திட்டத்தைப் பற்றி நீதிமன்றத்திடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் கோபத்தை மறைக்காமல் எழுதினார். அந்தப் பகுதி, நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்துக்கு விரோதமானது என்றும் தீர்ப்பளித்தார். இரண்டுமே நல்ல தீர்ப்புகள். இரண்டையும் பூட்டி வைத்தீர்கள். 2012 கடைசியில் நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்கு இடம் கொடுத்த சட்டத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டித்தபோது, பேட்ஸ் எழுதியது மக்கள் கையில் இல்லை.

வெளியே வேறு நீதிமன்றங்களுக்குப் போனவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஆம்னெஸ்டி அமைப்பு தொடுத்த வழக்கை 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளியது. உங்களைக் கண்காணித்தார்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை, ஆகவே வழக்குப் போடத் தகுதியும் இல்லை என்றது. ஆதாரமோ அரசின் பெட்டகத்தில். அடுத்த மாதமே செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் பகிரங்கமாகக் கேட்டார். இல்லை என்றார் அவர்.

சரி, இவ்வளவையும் சேர்த்து வைத்ததில் கிடைத்தது என்ன? தனியுரிமை மேற்பார்வைக்காக அரசே அமைத்த வாரியம் ரகசியக் கோப்புகளையும் பார்த்துவிட்டு 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. இந்தப் போன் பட்டியல் திட்டத்தால், அமெரிக்காவுக்கு ஆபத்து இருந்த ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவாவது மாறியது என்று சொல்ல ஒரு உதாரணமும் கிடைக்கவில்லை என்றது. அரசு பெரிதாகக் காட்டியது சான் டியாகோவில் டாக்ஸி ஓட்டிய ஒரு சோமாலியரின் வழக்கை. சோமாலியாவில் உள்ள அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவுக்கு 8,500 டாலர் அனுப்பியதாக அவர்மீதும் கூட்டாளிகள்மீதும் குற்றச்சாட்டு. அதே வழக்கில் 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டனையை உறுதி செய்தாலும், திட்டமே சட்டவிரோதம் என்று சொன்னது. 2015இலேயே நியூயார்க்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே சொல்லியிருந்தது. இரண்டு தரப்பையும் திறந்த அறையில் கேட்ட நீதிமன்றங்கள் இவை. மூடிய அறையில் ஏழு வருடம் செல்லும் என்று இருந்த விளக்கம், வெளியே வந்த இரண்டே வருடத்தில் அங்கே நிற்க முடியாமல் போனது.

அந்த டாக்ஸி ஓட்டுநரின் குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் போர் நடக்கும் ஊரில் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வாழ்வது என்னவென்று ஈழத்தமிழர்களுக்குத் தெரியும். விடுதலைப்புலிகள் அமைப்பு 1997இல் இங்கே தடைப்பட்டியலில் சேர்ந்தது. தடையில் உள்ள அமைப்புக்குச் சட்ட ஆலோசனை, சமாதானப் பயிற்சி கொடுப்பதும் குற்றமாகலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கைத் தொடுத்தவர்களில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் இருந்தன. வன்னியில் யாருக்கு உதவி போகலாம், யாரிடம் பேசலாம் என்று தெரியாமல் பயந்த குடும்பங்களின் ஒவ்வொரு அழைப்பும் எந்தப் பட்டியலில் எத்தனையாவது படியில் உட்கார்ந்திருந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

2015 ஜூனில் ஃப்ரீடம் சட்டம் வந்து மொத்தமாக அள்ளும் போன் பட்டியலை நிறுத்தியது. கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஆனால் நீதிபதி பேட்ஸ் பார்த்த திட்டத்துக்கு இடம் கொடுத்த, ஃபிசா சட்டத்தின் 702ஆம் பிரிவு அப்படியே இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் அல்லாதவர்களைக் குறிவைக்க அது வாரண்ட் கேட்பதில்லை. எந்த வகைத் தகவலைத் தேடுகிறோம் என்று அரசு கொண்டுவரும் ஆண்டுச் சான்றிதழையும் நடைமுறை விதிகளையும் நீங்கள் மொத்தமாகப் பார்த்து அனுமதிக்கிறீர்கள், குறிவைக்கும் ஆட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கேட்பதற்கு எங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா அமெரிக்கர் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தோழியின் தம்பி அமெரிக்கர் அல்ல. அங்கே ஒரு பத்திரிகையாளரோ, ஒரு பேராசிரியரோ, வெளிநாட்டு உளவுத் தகவல் இருக்கலாம் என்று குறிக்குள் வந்தால், அவருக்கு நான் எழுதிய கடிதமும் அதோடு வந்து எஃப்பிஐயின் தேடல் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடலாம். குடியேறிய குடும்பங்கள்தான் மற்ற அமெரிக்கர்களைவிட இதில் அதிகம் மாட்டும். வேறு எப்படி இருக்க முடியும்? எங்கள் பெற்றோர் அங்கே, நாங்கள் இங்கே.

அந்தப் பெட்டிக்குள் எஃப்பிஐ என்னவெல்லாம் தேடியது என்பது 2023 மே மாதம் வெளியான உங்கள் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2,78,000 முறைக்கு மேல் விதியை மீறிய தேடல்கள். ஒரு நாடாளுமன்ற வேட்பாளருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேர். ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு நடந்த போராட்டங்களில் கைதானவர்கள். வாரண்ட் வாங்கிவிட்டுத் தேடு என்ற திருத்தம் 2024 ஏப்ரல் 12இல் பிரதிநிதிகள் சபையில் 212க்கு 212 என்று சமமாக நின்று தோற்றது. ஒரே ஒரு வாக்கு. சட்டத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார்கள், கூடவே யாரையெல்லாம் தகவல் கொடுக்கச் சொல்லலாம் என்பதையும் விரித்தார்கள். அந்த டிசம்பரில் புரூக்ளினில் ஒரு மாவட்ட நீதிபதி, இப்படி அமெரிக்கர் பெயரை வைத்துத் தேடுவதற்கு வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பதினொரு பேருமே மாவட்ட நீதிபதிகளாக இருப்பவர்கள்தான் நீங்கள். உங்கள் ஊரில் போதைப்பொருள் வழக்கில் ஒரு காவலர் வாரண்ட் இல்லாமல் ஒருவருடைய கடிதங்களைப் படித்துவிட்டு உங்கள் முன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாஷிங்டனுக்கு வந்ததும் அந்த நியாயம் ஏன் மாற வேண்டும்?

நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். உங்களால் முடிந்ததை உங்களிடம் கேட்கிறேன். புதிய அல்லது முக்கியமான சட்டக் கேள்வி வரும்போது மறுதரப்பு வாதத்தை வைக்க நீதிமன்ற நண்பர் ஒருவரை நியமிக்க 2015 சட்டம் சொல்கிறது. தேவையில்லை என்று எழுதிவைத்துவிட்டுத் தவிர்க்கவும் அது இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாதீர்கள். நாட்டிலுள்ள எல்லோரையும் தொடும் மனு எதுவாக இருந்தாலும் எதிர்த்துப் பேச ஒருவர் அறையில் இல்லாமல் தொடங்காதீர்கள்; அவருக்கு அரசிடம் உள்ள கோப்புகள் அத்தனையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் 62ஆம் விதிப்படி ஒரு தீர்ப்பை வெளியிட வேண்டும் என்று அதை எழுதிய நீதிபதி தானாகவே கேட்கலாம். யாரைக் கண்காணிக்கிறீர்கள், எந்தக் கருவியால் என்பதை மறைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு நீங்கள் கொடுத்த பொருளை மறைக்காதீர்கள். குடியுரிமை வாங்கிய நாளில் வலது கையை உயர்த்தி அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று உறுதி கூறியவள் நான். அதில் உள்ள நான்காம் திருத்தத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் முடிவு செய்தால் நான் எதைக் காப்பது?

கடைசியாக ஒன்று. 702இன்கீழ் எத்தனை அமெரிக்கர்களின் தகவல்தொடர்பு வந்து சேர்கிறது என்று தோராயக் கணக்காவது சொல்லுங்கள் என்று செனட்டர் வைடன் 2011இலிருந்து கேட்கிறார். கணக்கிடப் போனால் அமெரிக்கர்களின் தனியுரிமையை மீற வேண்டியிருக்கும் என்று 2012இல் பதில் வந்தது. கணக்கிட முடியாது என்று 2017இல் வந்தது. செனட்டருக்கு அப்படிச் சொல்லலாம். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. விவரம் கேட்டு உத்தரவிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதை 2009இலும் 2011இலும் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். அடுத்த சான்றிதழ் மேசைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். கிடைத்ததை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்,
அமெரிக்கக் குடிமகள்